மருந்து என்கிறோம், போத்தலில் ‘ராச்சுன்’ என்று இருக்கிறது: ஊத்தான் மெலிந்தாங் கேள்வி பதில்

போன மாதம் எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில் (மலேசியா, பேராக் மாநிலம்) கோயில் மண்டபத்தில் சிறுதோட்டக்காரர்கள் கூடியபோது நேரம் போதவில்லை. விதையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்காமலே வீட்டுக்குப் போனார்கள். மனசு கேட்கவில்லை. கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன், வந்தவற்றுக்கு இங்கே பதில். என்னைத் தெரியாதவர்களுக்கு: 31 வருடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்த்து, கண்டக்டராக, அதாவது வெளிவேலை மேற்பார்வையாளராக, ஓய்வு பெற்றவன். இப்போது சொந்தமாக 4 ஏக்கர் செம்பனை. என் அம்மா 17 வருடம் முதுகில் மருந்து தெளிக்கும் பம்பு தூக்கியவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் அடிக்கிற மருந்தை மலாய்க்காரர்கள் ‘ராச்சுன்’ என்கிறார்கள். விஷம் என்று அர்த்தம். நாம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ‘மருந்து’ என்கிறோம். புல் மருந்து, பூச்சி மருந்து, மருந்து அடிக்கிற வேலை. எனக்கும் அதுதான் வாயில் வருகிறது, கீழேயும் அப்படியே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது நீங்கள் மனதுக்குள் விஷம் என்றே படியுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் பங்களாதேஷ் தம்பி சொல்கிறான், அவன் ஊரில் மருந்தே அடிக்காமல் கத்தரிக்காய் போடுகிறார்களாம். விதைக்குள்ளேயே மருந்து இருக்காம். நிஜமா ஐயா?

முக்கால்வாசி நிஜம். கத்தரிக்குப் பெரிய எதிரி காய்ப்புழு. குருத்தையும் காயையும் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போன புழுவின் மேல் வெளியே அடிக்கிற மருந்து படாது. அதனால், துளைப்பதற்கு முந்தியே கொல்ல வேண்டும் என்று அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிப்பது சாதாரணம். சந்தைக்குக் கொண்டுபோகிற அன்று காலையில்கூட அடிப்பார்கள்.

அந்த நாட்டு அரசு 2013 அக்டோபரில் நான்கு பிடி கத்தரி ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் 20 விவசாயிகள் முதல் நாற்றை வாங்கினார்கள். ‘பிடி’ என்பது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற மண் கிருமி. இது நமக்குப் புதிதே இல்லை. செம்பனையில் உலாட் புங்குஸ், நம் பைப்புழு, பெருகும்போது விமானத்தில் தெளிக்கிறார்களே, அதே கிருமிதான். அது செய்கிற புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடும். புழு தின்பதை நிறுத்திச் சாகும். நம் வயிறு அமிலம். அந்தப் புரதம் வந்து ஒட்டுகிற இடமும் நம் குடலில் கிடையாது. பிடி கத்தரியில் அந்தப் புரதத்தைச் செடியே செய்துகொள்கிறது. மரபணு மாற்றம் என்பது இங்கே அவ்வளவுதான்.

மிச்சக் கால்வாசி என்ன? வெள்ளை ஈ, அசுவினி, செம்பேன் எல்லாவற்றுக்கும் பிடி ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு அங்கேயும் மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் காய்ப்புழுவுக்காக அடித்தது பெருமளவு குறைந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் இன்னொன்று: அந்த ரகங்கள் வீரிய ஒட்டு இல்லை. விவசாயி தானே விதை எடுத்து வைத்து அடுத்த போகம் போடலாம், கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இதே பிடி கத்தரியை இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். பிலிப்பைன்ஸில் கொடுத்த அனுமதியை 2024 ஏப்ரலில் அங்கேயுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே செடிக்கு மூன்று நாட்டில் மூன்று தீர்ப்பு.

கேள்வி: விருதுநகர்ப் பக்கம் எங்கள் சித்தப்பா பருத்தி போடுகிறார். பிடி விதை வந்த புதிதில் மருந்துச் செலவு பாதியாகிவிட்டது என்றார். இப்போது மறுபடியும் புழு என்று புலம்புகிறார். இதில் எது உண்மை?

சித்தப்பா இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னார்.

இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி. சில வருடங்களில் நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவாகிவிட்டது. பச்சைக் காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து நிஜமாகவே குறைந்தது. ஆனால் ஒரே வேலியை எல்லாரும் போட்டால், அதைத் தாண்டத் தெரிந்த ஆடு மட்டும்தான் குட்டி போடும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்படித் தாண்டியது. முதலில் குஜராத்தில் 2009-10 வாக்கில் தெரிந்தது. 2006-ல் வந்த இரண்டு மரபணு விதையையும் அடுத்த பத்து வருடத்துக்குள் அது பழகிக்கொண்டது.

இது வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதற்காகத்தான் வயலைச் சுற்றிச் சில வரிசை சாதாரணப் பருத்தி போடச் சொன்னார்கள். அங்கே வளர்கிற சாதுப் புழுக்கள் முரட்டுப் புழுக்களோடு கலந்தால், தாங்கும் சக்தி சந்ததிக்குச் சீக்கிரம் பரவாது. விதைப் பையோடு அந்தச் சின்னப் பொட்டலமும் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் போடவில்லை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவனிடம் புழு தின்பதற்காக ஒரு துண்டு நிலத்தை விடு என்றால் மனசு வருமா? அவனுக்கு யாரும் உட்கார்ந்து காரணம் சொல்லவும் இல்லை. நான் அந்த விவசாயியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பிடி பருத்தியோடு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 2018-ல் அந்தப் புழுவையே பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். விதை ஒன்றுதான், அதைச் சுற்றி இருந்த ஏற்பாடு வேறு.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது 2017. மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளுமாக 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில். அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேல் தூக்கி அடித்தார்கள், அடித்தது முகத்தில் இறங்கியது. இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்தார்கள். கையுறை இல்லை, வெயில், வேர்வை. மருந்தைக் குறைப்பதற்காக வந்த விதை போட்ட வயலிலேயே இது நடந்தது. விதை மாறினாலும் பம்பு தூக்கும் ஆளின் நிலை மாறாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் யவத்மாலைத்தான் காட்டுகிறேன்.

கேள்வி: அப்போ நம்ம தோட்டத்துல இருக்கிற செம்பனையும் மரபணு மாத்தினதா? குளோன்னு சொல்றாங்களே.

இல்லை. உலகத்தில் எங்கேயும் மரபணு மாற்றிய செம்பனை வணிகத்துக்கு வரவில்லை. நாம் நடுவது டூராவையும் பிசிபெராவையும் சேர்த்த தெனெரா, அதாவது கெட்டி ஓட்டுக் காயும் ஓடில்லாக் காயும் கல்யாணம் செய்து வந்த பிள்ளை. குளோன் என்பது நல்ல தாய்மரத்தின் திசுவைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து எடுத்த கன்று. பால்மரத்தில் (ரப்பரில்) ஒட்டுக் கட்டி ஒரே ரகத்தைப் பெருக்கியது மாதிரிதான்.

கேள்வி: நான் தெளிப்பு வேலையில் 9 வருடம். அந்தக் காலத்தில் எங்கள் அம்மாவுக்கு நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. இப்போது அந்த மருந்து இல்லை என்கிறார்கள். இப்போது அடிப்பது பயமில்லாததா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். என் அம்மாவுக்கும் அதேதான். வலது கைக் கட்டைவிரல் நகம் முதலில் வெள்ளைப் பட்டையாக மாறியது, பிறகு எடுத்துவிட்டது போலக் கழன்றது. முதுகில் பம்பு கசிகிற இடத்தில் புண். தோட்டத்தில் சொன்னபோது தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு, எண்ணெய் தடவிவிட்டது நான்தான்.

அது பாராகுவாட். ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரல் இறுகிச் சாகலாம், மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் அதை நிறுத்துவதாக 2002-ல் முடிவெடுத்தார்கள். அதே வருடம் ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு, தோட்டத்துத் தெளிப்புப் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் அம்மாக்களின் நகமும் மூக்கும் தாளில் ஏறின. ஆனால் 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல். நடுவில் எத்தனை பெண்கள் பம்பு தூக்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட் அல்லது குளுபோசினேட்டாக இருக்கும். பாராகுவாட்டோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவு. பயமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். குளுபோசினேட் உள்ளே போனால் மணிக்கணக்கு கழித்துக்கூட வலிப்பு வரலாம். கிளைபோசேட்டை 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ‘அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது’ என்ற வகுப்பில் வைத்தது. மறு வருடம் உணவில் தங்கும் எச்சத்தை ஆராய்ந்த இன்னொரு நிபுணர் குழு, சாப்பாட்டின் வழியாக அந்த ஆபத்து வர வாய்ப்பில்லை என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. ஒன்று அந்தப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டா என்று பார்த்தது, மற்றது தட்டில் வருகிற அளவைப் பார்த்தது. நீங்கள் தட்டில் வருவதைத் தொடுபவர் இல்லை, தோம்பிலிருந்து (மருந்து வரும் பெரிய பிளாஸ்டிக் கேனிலிருந்து) ஊற்றுபவர். அதனால் உங்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

போத்தல் லேபிளின் அடிப்பக்கத்தில் இருக்கும் வண்ணப் பட்டையைப் பாருங்கள். கருப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, பிறகு மஞ்சள், நீலம், கடைசியாக வெள்ளை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்கேயுள்ள முக்கோணத்தின் பச்சையை இங்கே தேடுவார்கள், இங்கே பச்சை கிடையாது. வீட்டுப் பின்னால் பழைய பாராகுவாட் போத்தல் யாராவது வைத்திருந்தால் கால்வாயில் ஊற்றாதீர்கள். மாவட்ட விவசாய அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.

கேள்வி: மருந்து அடித்துவிட்டு வந்ததும் பால் குடித்தால் விஷம் முறியுமா?

முறியாது. பால் நல்லது, குடியுங்கள், ஆனால் குளித்துவிட்டு. யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் பாலோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999 அழையுங்கள், போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள். பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். போத்தல் இல்லாவிட்டால் அவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரும்புட் சம்பாவ் சாகவே மாட்டேங்குது. கிளைபோசேட்டை ரெட்டிப்பா கலந்தும் மறு மாசம் பச்சையா நிக்குது. இன்னும் கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள் தம்பி. அந்தப் புல் நம் கேழ்வரகுக்குப் பங்காளி, அதே இனம். கிளைபோசேட்டைத் தாங்கும் சம்பாவ் புல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? 1997-ல், நம் பக்கத்துத் தெலுக் இந்தானில், ஒரு பழத்தோட்டத்தில். உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் நம் ஊர்ப் பெயரை எழுதுகிறார்கள். 2009-ல் குளுபோசினேட்டைத் தாங்கும் சம்பாவும் நம் நாட்டிலேயே தெரிந்தது. நீங்கள் ரெட்டிப்பாக அடிக்க அடிக்க, தாங்குகிற புல்லை மட்டும் விதைக்கு விடுகிறீர்கள். பருத்திப் புழு கதையும் இதுவும் ஒன்றுதான். களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய சோளத்தைப் பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் போடுகிறார்கள். அங்கேயும் ஒரே மருந்தை வருடக்கணக்காக அடித்தால் இதுதான் நடக்கும்.

என் 4 ஏக்கரில் நான் செய்வது: மரத்தடி வட்டத்திலும் நடைபாதையிலும் மட்டும் அடிப்பேன், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வகை மருந்து. சம்பாவ் இருக்கும் இடத்தில் பூப்பதற்கு முந்தி மண்வெட்டி. வரிசைக்கு நடுவில் இருக்கும் பெரணிச் செடியையும் மெல்லிய புல்லையும் தொடுவதே இல்லை. நிலத்தை மொட்டையாக வைத்தால்தான் அழகு என்று பழைய துரைமார் சொல்லிக்கொடுத்தது இன்னும் நம் கண்ணை விட்டுப் போகவில்லை. மொட்டை நிலத்தில் முதலில் முளைப்பது சம்பாவ்தான்.

கேள்வி: தம்பி, நாங்கள் குமரிகளாக இருந்தபோது செம்பனைப் பூவுக்கு மாவு ஊதுகிற வேலை செய்தோம். ஒரு நாள் அந்த வேலையே இல்லை என்றார்கள். பூச்சி வந்துவிட்டது என்றார்கள். என்ன பூச்சி அது?

பெரியம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கு ரொம்ப ஆசை. ஆண் பூவின் மகரந்தத்தை மாவோடு கலந்து பெண் பூவுக்கு ஊதினீர்கள். செம்பனைக்குக் காற்றே போதும் என்றுதான் அந்தக் காலத்தில் நம்பினார்கள், ஆனால் காய் பிடிக்கவில்லை. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆப்பிரிக்காவில் கேமரூனில் போய்ப் பார்த்து, அங்கே ஒரு சின்னக் கூன்வண்டு பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பதைக் கண்டார். வேறு எந்தப் பயிரையும் தின்னாது என்று சோதித்துவிட்டு, 1981-ல் அதை ஜோகூரில் பறக்கவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவியது. அதோடு உங்கள் வேலை போனது.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், பூத்திருக்கும் செம்பனையில் கண்டபடி பூச்சி மருந்து அடிப்பவர்கள் அந்த வண்டையும் சேர்த்துக் கொல்கிறார்கள். 1960-களில் நம் நாட்டிலேயே பட்ட பாடு ஒன்று உண்டு. வேறு பூச்சிகளுக்காக டிடிடி, டீல்ட்ரின் போன்ற நெடுநாள் நிற்கும் மருந்துகளை அடித்தார்கள். பைப்புழுவைத் தின்னும் குளவிகள்தான் முதலில் செத்தன, பைப்புழு தோட்டம் தோட்டமாகப் பெருகியது. பிரையன் வுட் என்ற ஆராய்ச்சியாளர் அடிப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள், புழு அடங்கியது. தோட்டத்து ரோட்டோரம் மஞ்சள் பூப் பூக்கும் துர்னேரா நட்டிருக்கிறார்களே, அழகுக்கு இல்லை. அந்தக் குளவிகளுக்குத் தேன் வைக்கிற சாப்பாட்டுக் கடை அது.

கேள்வி: சுங்கை மானிக்கில் குத்தகைக்கு நெல் போடுகிறேன். களைக்கொல்லி தாங்கும் நெல் என்று ஒன்று கொடுத்தார்கள். அது மரபணு மாற்றியதா? காட்டு நெல் மறுபடி வருகிறதே.

கிளியர்ஃபீல்ட் நெல்லைச் சொல்கிறீர்கள். மார்டி என்ற நம் நாட்டு விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் வெளியிட்டது. வேறு உயிரின் மரபணு எதுவும் நுழைக்கவில்லை, நெல்லிலேயே ஏற்பட்ட மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து நம் ரகத்தில் சேர்த்தார்கள். பாடி ஆங்கின், காட்டு நெல், நெல்லுக்குச் சொந்தத் தம்பி என்பதால் சாதாரண மருந்தில் சாகாது. இந்த நெல்லில் சாகடிக்க முடிந்தது. ஆனால் தம்பி என்பதாலேயே மகரந்தம் கலந்து அந்தக் குணத்தைக் காட்டு நெல்லும் வாங்கிக்கொண்டது. இரண்டு போகத்துக்கு மேல் தொடர்ந்து போடாமல் மாற்றுங்கள், சுத்தமான சான்று விதை வாங்குங்கள், தலை நீட்டும் காட்டு நெல்லைக் கையால் பிடுங்குங்கள்.

நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்கும் முன்னால் தண்டைத் தட்டி, தண்ணீரில் எத்தனை சிலந்தி விழுகிறது என்று பாருங்கள். இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சி மருந்துகளை ஒரே ஆணையில் நிறுத்தியது. காரணம், அவை சிலந்தியைக் கொன்று புகையானை வளர்த்துக்கொண்டிருந்தன.

கேள்வி: தாஹுவும் தெம்பேயும் மரபணு மாற்றிய சோயாவாமே. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், என் பேத்திக்கும் கொடுக்கிறோம். நம் சோயா பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வருகிறது, அங்கே விளைவதில் மிகப்பெரும் பங்கு மரபணு மாற்றியதுதான். 2007-ஆம் வருட உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே ஒவ்வொன்றையும் ஆய்வு செய்துதான் விடுகிறார்கள். அனுமதி பெற்றவற்றைச் சாப்பிட்டதால் மக்களுக்கு உடல்நலக் கேடு வந்ததாகக் காணவில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தும்.

கேள்வி: காண்ட்ராக்டர் கையுறை கொடுப்பதில்லை. முகத்துக்குத் துண்டு கட்டிக்கொள் என்கிறார். கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்கிறார். என் மருமகளும் இதே வேலை, இப்போது மூன்று மாதம்.

அக்கா, முதலில் மருமகள். நாளையிலிருந்து அவர் மருந்தைத் தொட வேண்டாம். கலக்கவும் வேண்டாம், அடித்துவிட்டு வந்தவர் துணியைத் துவைக்கவும் வேண்டாம். கிளினிக்கில் கர்ப்பப் பதிவின்போதே என்ன வேலை என்று சொல்லி, மாற்று வேலைக்குக் கடிதம் வாங்குங்கள்.

துண்டு பயன்படாது. தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து போகிற பெரிய வழி மூக்கு இல்லை, தோல். நனைந்த துண்டு மருந்தை வாயோரமே பிடித்து வைக்கும். நைட்ரைல் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, கசியாத பம்பு, இந்த நாலும் முதலில். மருந்தைக் கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், அப்போது அது தண்ணீர் சேராத சரக்கு. பம்பின் மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் வருட வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் 2000-ஆம் வருட இரசாயன விதிகளும், ஆபத்தை மதிப்பிடுவதும் கவசம் கொடுப்பதும் முதலாளி கடமை என்கின்றன. 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, காண்ட்ராக்டரின் ஆளுக்கும் தோட்டம் பொறுப்பு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று சொல்லியும் சரிசெய்யாவிட்டால், வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் உண்டு. ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.

கேள்வி: மருந்து வந்த காலித் தோம்பு நல்ல கெட்டியா இருக்கு. கழுவித் தண்ணி பிடிக்கலாமா?

வேண்டாம். எங்கள் லயத்து வீட்டில் குளிக்கிற தண்ணீரே அந்த மாதிரித் தோம்பில்தான் நின்றது. அம்மா மணலும் சோப்புமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிளாஸ்டிக்குக்குள் ஊறியது தேய்த்தால் போகாது. கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. பிறகு பாராங் கத்தி முனையால் அடியில் நாலு துளை போட்டுவிடுங்கள், யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதபடி.